தாடை வலிக்கு ஸ்பிளிண்ட்: எதை வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி கேட்டவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறார், வயது 33. நான்கு மாதமாக வலது தாடையில் வலி. காலையில் எழுந்தால் வாய் இறுகிக் கிடக்கிறது, பொட்டில் தலைவலி, கொட்டாவி விட்டால் காதுக்கு முன்னால் ‘டொக்’ என்று ஒரு சத்தம். வேலூரில் ஒரு பல் டாக்டர் கெட்டியான ஸ்பிளிண்ட், அதாவது பல்லின் மேல் மாட்டும் தகடு, 9,000 ரூபாய் ஆகும் என்றிருக்கிறார். இன்னொருவர் ரப்பர் போல மெத்தென்ற நைட் கார்டு 2,500க்கு மறுநாளே தருகிறேன் என்றிருக்கிறார். மூன்றாமவர், “உங்க கடியே சரியில்ல, பல்லைத் தேய்ச்சு கேப் போட்டாத்தான் தீரும்” என்றிருக்கிறார். ஆன்லைனில் 400 ரூபாய்க்கு, வெந்நீரில் போட்டுக் கடிக்கிற கார்டும் கிடைக்கிறது. இதில் எதை வாங்குவது என்பது அவர் கேள்வி.

எதை வாங்குவது என்று கேட்டிருந்தாலும் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. இந்த வலி எங்கிருந்து வருகிறது, பல்லின் மேல் ஒரு தகட்டை மாட்டினால் அது போகுமா, மூன்றாமவர் சொல்கிற வேலைக்குத் தலையாட்டலாமா? கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இப்போது வேண்டாம். தேய்த்த பல் திரும்ப வளராது. தகடு போடுவதென்று முடிவானால் ஒரு தாடையின் எல்லாப் பற்களையும் மூடுகிற கெட்டித் தகடாகப் போடுங்கள், அதையும் திரும்பத் திரும்ப வரச்சொல்லிச் சரிசெய்து கொடுப்பவரிடம் மட்டும் போடுங்கள். அதற்கு முன்பே செலவில்லாத சில வேலைகள் இருக்கின்றன. தகட்டைவிட அவற்றுக்குத்தான் ஆதாரம் அதிகம். உங்கள் வாயைப் பார்க்காமல் எழுதுகிறேன். ஆகவே இது உங்களுக்கான நோய்க் கணிப்பு ஆகாது. டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும், எதற்கு அவசரப்படக் கூடாது என்று தெரிந்துகொள்ள உதவும், அவ்வளவுதான்.

வலி தசையிலா மூட்டிலா என்று ஓரளவு நீங்களே பார்க்கலாம். கண்ணாடி முன் நின்று, இரண்டு கன்னத்திலும் தாடைக் கோணத்துக்குச் சற்று மேலே மூன்று விரல்களை வைத்துப் பல்லைக் கடியுங்கள். விரலுக்கடியில் புடைத்து எழுவதுதான் மெல்லும் தசை. கடியை விட்டுவிட்டு அதே இடத்தைச் சற்று அழுத்தமாக ஐந்து விநாடி அமுக்குங்கள். பொட்டில் விசிறிபோல விரிந்திருக்கும் தசையையும் அப்படியே அமுக்கிப் பாருங்கள். ‘ஆமாம், தினமும் வருகிற வலி இதேதான்’ என்று தோன்றினால் தசைக்குப் பெரிய பங்கு உண்டு. வெறுமனே வலிப்பது கணக்கில்லை. யார் கன்னத்தை அமுக்கினாலும் கொஞ்சம் வலிக்கும், உங்களுக்குப் பழகிய வலி கிளம்புகிறதா என்பதுதான் சோதனை. அடுத்து, காதுத் துளைக்கு ஒரு விரல் முன்னால் கை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். அங்கே குழிந்து எழுவது மூட்டு. வலி அந்தப் புள்ளியில் மட்டும் கூர்மையாக இருந்தால் மூட்டும் சேர்ந்திருக்கிறது. பிறகு ஒரு ஸ்கேலால் மேல் முன்பல் விளிம்பிலிருந்து கீழ் முன்பல் விளிம்பு வரை எவ்வளவு திறக்கிறது என்று அளந்து எழுதி வையுங்கள். 40 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் பெரியவர்களுக்கு அது சாதாரண அளவு, சுமார் மூன்று விரல் நுழையும். இந்த ஒரு எண்ணைத் தேதியோடு குறித்துக்கொண்டு போனால் எந்த டாக்டருக்கும் அது எக்ஸ்ரேயைவிடப் பயன்படும்.

‘டொக்’ சத்தத்துக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பயம் அதனால்தான். தாடை மூட்டின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே குருத்துத் தட்டு ஒன்று இருக்கிறது. அது முன்பக்கமாகச் சற்று நழுவியிருந்தால், வாய் திறக்கும்போது எலும்பு அதன் மேல் ஏறும், அப்போது சத்தம் வரும். வலியில்லாமல் இப்படிச் சத்தம் வருகிறவர்கள் ஊரில் ஏராளம், அவர்களுக்கு வைத்தியமே தேவையில்லை. தகடு போட்டாலும் சத்தம் போகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. போகும் என்று சொல்லி விற்றால் சந்தேகப்படுங்கள். ஆனால் ஒரு நாள் சத்தம் திடீரென்று நின்றுபோய், அதே நேரம் வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்கவில்லை என்றால் தட்டு முன்னாலேயே சிக்கிக்கொண்டிருக்கலாம். அதற்கு மட்டும் மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். அந்த வாரமே காட்டினால் கையாலேயே விடுவிக்க வாய்ப்புண்டு, நாளாக ஆக அந்த வாய்ப்பு குறையும்.

தகட்டைப் பற்றிப் பேசுமுன் தகட்டால் தீராதவற்றை ஒதுக்கிவிட வேண்டும். சொத்தைப் பல், விரிசல் விட்ட கடைவாய்ப் பல், பாதி முளைத்த ஞானப்பல் ஆகிய மூன்றுமே தாடை வலியாக வேஷம் போடும். சூடோ குளிரோ பட்டால் சுரீர் என்றாலோ, ஒரே ஒரு பல்லைக் கடிக்கும்போது மட்டும் வலித்தாலோ முதலில் பல்லைப் பாருங்கள். நம் பக்கத்தில் இன்னொன்றையும் கட்டாயம் கேட்டாக வேண்டும். பாக்கு, பான் மசாலா, குட்கா போடுகிற பழக்கம் உண்டா? இருந்து, வாய் கொஞ்சங்கொஞ்சமாகக் குறுகி, காரம் பட்டால் எரிந்து, கன்னத்தின் உட்புறம் வெளுத்து நார்போல இறுகியிருந்தால் அது வேறு நோய், வாய்ப் புற்றாக மாறக்கூடிய நோய். அதற்கு நைட் கார்டு போட்டுக்கொண்டு ஆறு மாதம் கழிப்பது ஆபத்து. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகப் பொட்டு வலி வந்து, சாப்பாட்டை மெல்லும்போது தாடை சோர்ந்து வலித்தால் தலை ரத்தக்குழாய் வீக்கமாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் கண் பார்வை போகும். நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ தாடை வலித்து, உட்கார்ந்ததும் வலி நின்றுபோனால் அது இதயமாக இருக்கலாம். காய்ச்சலோடு வீக்கம், முகத்தில் மரத்துப்போதல், காரணமில்லாத எடைக்குறைவு இவையெல்லாமும் தகட்டுக்கான விஷயங்கள் அல்ல.

இனி மூன்றாமவர் சொன்ன ‘கடி சரியில்லை’ விஷயம். இதற்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. 1934இல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர், கடைவாய்ப் பற்களை இழந்து கடி தாழ்ந்துபோனவர்களுக்குத் தாடை மூட்டு பின்னால் அழுந்திக் காதுவலி முதலான தொல்லைகள் வருகின்றன என்று எழுதினார். அவர் சொன்ன உடற்கூறு விளக்கம் பின்னால் நிற்கவில்லை. ஆனால் ‘கடியைச் சரிசெய்தால் வலி போகும்’ என்ற எண்ணம் மட்டும் பல் மருத்துவத்தில் பல தலைமுறை ஓடியது. இன்றைய நிலை வேறு. வரிசையில்லாத பல், தூக்கலான கடி இருக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு வலி இல்லை. அழகான கடி உள்ளவர்களுக்கும் இந்த வலி வருகிறது. வலி தீர்வதற்காக ஆரோக்கியமான பற்களைத் தேய்ப்பதையோ, வாய் முழுக்கக் கேப் போடுவதையோ, கிளிப் மாட்டுவதையோ ஆதாரம் ஆதரிக்கவில்லை. போன மாதம் போட்ட கேப்போ அடைப்போ தூக்கலாக இருந்து அன்றிலிருந்து வலி என்றால் கதை வேறு. அந்த ஒரு கேப்பைத் தேய்த்துச் சமன்செய்வது நியாயம். இன்னொன்று: தசை வலித்து இறுகியிருக்கும்போது தாடை சற்று ஒதுங்கியே மூடும். அப்போது கடியைப் பார்த்தால் யாருக்குமே ‘சரியில்லை’ என்றுதான் தெரியும். வலியால் கடி மாறியிருக்கும்போது அந்தக் கடியையே வலிக்குக் காரணமாக்கிப் பல்லைத் தேய்த்தால், வலி போன பிறகு கடி உண்மையிலேயே கெட்டிருக்கும்.

தகடு வலியைப் போக்குமா என்பதற்கு நேர்மையான பதில் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2004ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, தகட்டுக்கு ஆதரவாகவோ எதிராகவோ உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. 2020இல் பிரிட்டனின் அரசு நிதியில் நடந்த பெரிய தொகுப்பாய்வாலும் தகடு வலியைக் குறைக்கிறது என்று காட்ட முடியவில்லை. 2023 இறுதியில் பி.எம்.ஜே. என்ற பிரிட்டன் மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதல், மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த தாடை வலிக்குத் தாடைப் பயிற்சி, கையால் தசையை நீவித் தளர்த்துதல், வலியைக் கையாளும் மனப்பயிற்சி ஆகியவற்றை வலுவாகப் பரிந்துரைத்தது. கழற்றி மாட்டும் தகட்டை வழக்கமாகப் போட வேண்டாம் என்று சற்றுத் தயக்கத்தோடும், பல்லையும் கடியையும் நிரந்தரமாக மாற்றிவிடும் தகட்டு வைத்தியம் கூடவே கூடாது என்று அழுத்தமாகவும் சொன்னது. அப்படியானால் பல் மருத்துவர்கள் இன்னும் ஏன் தகடு கொடுக்கிறார்கள்? நிச்சயமாகத் தெரிந்தது ஒன்று உண்டு. இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு, பல்லுக்குப் பதில் தகடு தேயும். கேப் உடையாது, பல் விரிசல் விடாது. வலியைப் பொறுத்தவரை, காலையில் எழும்போது தசை வலிக்கிறவர்களில் கணிசமானோர் தகடு போட்டபின் இலேசாக இருக்கிறது என்கிறார்கள். அதில் எவ்வளவு தகட்டால், எவ்வளவு தானாகவே தணிந்தது என்பதைப் பிரித்துச் சொல்வது கடினம், ஏனென்றால் இந்த வலி பலருக்கு வாரங்களிலோ மாதங்களிலோ தானே அடங்குகிற இயல்புடையது. கடிக்கும் பழக்கத்தையே தகடு நிறுத்தாது. சில நாள் குறைந்து பிறகு பழைய நிலைக்கே வருவதும் உண்டு. காலையில் வலி, மாலைக்குள் குறைவு என்றால் தகட்டால் பயன் கிடைக்க இடமுண்டு. காலையில் சுகமாக இருந்து ஷிப்ட் முடியும்போதுதான் வலி ஏறுகிறது என்றால் குற்றவாளி பகலில் இருக்கிறான், இரவுத் தகடு அவனைப் பிடிக்காது.

சரி, வகைகள். மெத்தென்ற நைட் கார்டு 2 முதல் 3 மில்லிமீட்டர் கனமுள்ள வினைல் தாளைச் சூடாக்கி, பல் அச்சின் மேல் வைத்து உறிஞ்சி எடுத்தது. ஒரே நாளில் ஆகிவிடும், வாயில் உறுத்தாது. குறை என்னவென்றால் அதைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது, தேய்க்கும் கருவியில் சுருண்டுகொள்ளும். அதை மென்றுகொண்டே இருக்கத் தூண்டவும் செய்யும். 1987இல் பத்தே பேரை வைத்துச் செய்த ஒரு சிறு ஆய்வில், கெட்டித் தகடு எட்டுப் பேருக்கு இரவுத் தசை வேலையைக் குறைத்தது, மெத்தென்றது ஐந்து பேருக்குக் கூட்டிவிட்டது. பத்துப் பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் கடுமையாகக் கடிக்கிறவர்கள் மெத்தென்றதைச் சில மாதத்தில் ஓட்டை போட்டுவிடுவார்கள் என்பது வேலையில் கண்கூடு. இரண்டு மூன்று வாரத் தற்காலிகத்துக்கு அது பரவாயில்லை. வெந்நீரில் போட்டுக் கடிக்கிற 400 ரூபாய்ச் சரக்கில் கூடுதல் சிக்கல்: நீங்கள் கடித்த இடத்தில் மெலிந்தும் மற்ற இடத்தில் தடித்தும் போகும், தாடை எங்கே நின்றதோ அங்கேயே குழி விழுந்து பூட்டிக்கொள்ளும். முன்பல் நான்கை மட்டும் மூடுகிற சிறு தகடும் உண்டு. தூக்கத்தில் கழன்றால் விழுங்கவோ மூச்சுக்குழாய்க்குள் போகவோ வாய்ப்பிருக்கிறது. மாதக்கணக்கில் போட்டால் தாங்கல் இல்லாத கடைவாய்ப் பற்கள் மெல்ல எழும்பி, பிறகு முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமலே போய்விடும். கீழ்த் தாடையை முன்னுக்கு இழுத்து நிறுத்துகிற தகடு, நழுவிய தட்டைப் பிடிப்பதற்கானது. சில வாரத்துக்கு மேல் போட்டால் கடைவாயில் கடி திறந்துகொள்ளும். இவை இரண்டும் நிபுணர் கண்காணிப்பில், குறிப்பிட்ட காரணத்துக்கு மட்டும். உங்கள் கதையில் அதற்கான காரணம் தெரியவில்லை.

மிச்சம் இருப்பது அக்ரிலிக் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த தகடு. பொதுவாக மேல் பல்லுக்கு, எல்லாப் பல்லையும் மூடி, கடிக்கும் பரப்பு வழவழவென்று தட்டையாக. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவானதால் பல் மருத்துவர்கள் மிச்சிகன் ஸ்பிளிண்ட் என்பார்கள். இது எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் 9,000 ரூபாய் எங்கே போகிறது, எங்கே தவறுகிறது என்பதும் தெரியும். முதல் நாள் மேல் கீழ் இரண்டுக்கும் அளவு எடுப்பார்கள். ஆல்ஜினேட் என்ற அச்செடுக்கும் குழைவில் எடுத்தால் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் கல்மாவு ஊற்றிவிட வேண்டும். வேலூர் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்து சுருங்கும். ஈரத்துணி சுற்றி லேபுக்கு அனுப்பி அவர்கள் சாயங்காலம் ஊற்றினால் தகடு ஒருபோதும் முழுதாக உட்காராது. அடுத்தது கடி அளவு. இங்கேதான் பெரும்பாலான தகடுகள் கெடுகின்றன. பல்லோடு பல் சேர்த்துக் கடிக்கச் சொல்லி அளவெடுத்தால், லேபில் இருப்பவர், பல் அச்சுகளை மாட்டித் தாடைபோலத் திறந்து மூடுகிற கருவியைத் தன் இஷ்டத்துக்குத் திறந்து இடைவெளி உண்டாக்குவார். கருவியின் கீல் இருக்கும் இடமும் உங்கள் மூட்டு இருக்கும் இடமும் ஒன்றல்ல, அதனால் தகடு கடைசிக் கடைவாயில் மட்டும் தூக்கிக்கொண்டு வரும். சரியான முறை: தாடையைத் தளர்த்தி, பற்கள் தொடாத நிலையில், தகடு எவ்வளவு தடிமனோ அந்த உயரத்திலேயே மெழுகிலோ சிலிகானிலோ அளவெடுப்பது. கடைவாயில் சுமார் 2 மில்லிமீட்டர் இடம் வேண்டும். அப்போது முன்பல்லில் அதைப்போல் இரண்டு மடங்காவது திறந்திருக்கும். முகத்தில் மாட்டி மேல் தாடை நிற்கும் கோணத்தை எடுக்கிற ஃபேஸ்போ என்ற கருவியையும் பயன்படுத்தினால் பிழை இன்னும் குறையும்.

லேபில் தூளும் திரவமும் கலந்து பிசைந்த அக்ரிலிக்கை நீரில் வேக வைப்பார்கள். 74 டிகிரியில் சுமார் 2 மணி நேரம், பிறகு கொதிநீரில் 1 மணி நேரம் என்பது வழக்கமான கணக்கு. அவசரத்துக்கு நேரே கொதிநீரில் போட்டால் உள்ளே இருக்கும் திரவம் ஆவியாகிச் சிறுசிறு குமிழி விழும். கையில் வாங்கியதும் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். புள்ளி புள்ளியாக வெளுத்திருந்தால் அந்தத் தகடு நாற்றம் பிடிக்கும், சீக்கிரம் உடையும். தூளும் திரவமும் கலந்து சூடில்லாமல் இறுக்குகிற முறையிலும் செய்யலாம். அப்படியென்றால் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்த பிறகே வாயில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மிச்சத் திரவம் ஈறை எரிக்கும். இப்போது கணினியில் வடிவமைத்து இயந்திரத்தில் குடைந்தோ அச்சிட்டோ எடுப்பதும் வந்துவிட்டது. பொருத்தம் நன்றாக இருக்கும். ஆனால் வாயில் வைத்துத் தேய்க்கிற வேலை அதற்கும் உண்டு.

அந்தத் தேய்க்கிற வேலையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், நீங்கள் நாற்காலியில் இருந்துகொண்டே நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். முதலில் தகடு விரல் அழுத்தத்திலேயே ‘டக்’ என்று உட்கார வேண்டும். கடித்து உட்கார வைக்கச் சொல்லக் கூடாது. வலப்பக்கம் அமுக்கினால் இடப்பக்கம் எழும்பினால் உள்ளே எங்கோ தட்டுகிறது, மேற்கொண்டு எதையும் தொடும்முன் அதைச் சரிசெய்ய வேண்டும். பிறகு சிவப்புக் கார்பன் தாளை வைத்து இடம், வலம், முன் என்று தாடையை நகர்த்தச் சொல்வார். அதன்மேல் நீலத் தாளை வைத்து ‘தட்டுங்க, தட்டுங்க’ என்பார். இப்போது தகட்டில் தெரிய வேண்டியது: கீழ்த்தாடையின் ஒவ்வொரு கடைவாய்ப் பல்லுக்கும் ஒரு நீலப் புள்ளி, எல்லாம் ஒரே அடர்த்தியில். முன்பற்களில் இலேசாக. சிவப்புக் கோடு கோரைப்பல் இருக்கும் இடத்தில் மட்டும் நீண்டிருக்கலாம். கடைவாயில் நீலம் இல்லாமல் சிவப்பு மட்டும் தெரிந்தால் அந்த இடம் பக்கவாட்டில் உரசுகிறது, அதைத் தேய்த்து எடுக்க வேண்டும். புள்ளியின் நடுவில் வெள்ளையாக, சுற்றிலும் நீல வளையமாகத் தெரிந்தால் அங்கேதான் அழுத்தம் அதிகம். தேய்ப்பார், துடைப்பார், திரும்ப வைப்பார். உட்கார்ந்த நிலையிலும் சாய்ந்து படுத்த நிலையிலும் பார்க்க வேண்டும், நீங்கள் தூங்குவது படுத்துத்தானே. இறுதியில் 8 மைக்ரான் கனமுள்ள மெல்லிய உலோகத் தாளை ஒவ்வொரு பல்லிலும் பிடித்துக் கடிக்கச் சொல்லி இழுப்பார். இரண்டு பக்கமும் ஒரேபோல் பிடிக்க வேண்டும். இதெல்லாம் நேர்மையாகச் செய்தால் அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகும். ஐந்து நிமிடத்தில் ‘போட்டுப் பாருங்க, பழகிடும்’ என்று அனுப்பினால் நீங்கள் வாங்கியது தகடு மட்டும், வைத்தியம் இன்னும் தொடங்கவில்லை.

ஒருமுறை சரிசெய்தால் போதாது என்பதற்கும் காரணம் உண்டு. இறுகிய தசை தளரத் தளரத் தாடை நிற்கும் இடம் மாறும், முன்பு சமமாக இருந்த புள்ளிகள் ஒருபக்கம் கனத்துவிடும். அதனால் ஒரு வாரம், மூன்று வாரம், ஆறு வாரம் என்று மூன்று முறையாவது போய் நீலத் தாள் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் சில இரவுகள் எச்சில் ஊறும், தூக்கத்தில் கழற்றி எறிந்துவிடுவீர்கள், அது பெரிதல்ல. மேல் முன்பல் இறுக்கமாக வலித்தால் ஓரிடம் பிடிக்கிறது, தேய்த்தால் போகும். தகடு போட்டபின் வலி தெளிவாகக் கூடினால் சகித்துக்கொண்டு தொடர வேண்டாம், கழற்றிவிட்டுப் போய்க் காட்டுங்கள். இரவில் மட்டும் போடுங்கள். காலையில் கழற்றியதும் கடி ஏதோ மாறியதுபோலத் தோன்றும், அரை மணிக்குள் பழையபடி ஆகிவிட வேண்டும். மதியம் வரை ஆகவில்லையென்றால் தகடு உங்கள் கடியை மாற்றத் தொடங்கியிருக்கிறது, நிறுத்திவிட்டுத் தெரிவியுங்கள். பலத்த குறட்டையும் நடுவில் மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள். மேல் தகடு சிலருக்குத் தூக்க மூச்சுத் தடையைக் கூட்டியதைக் காட்டிய சிறு ஆய்வு உண்டு. மனச்சோர்வு மாத்திரைகளில் சில பல் கடிப்பைக் கிளப்பும், எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பராமரிப்பு எளிது. காலையில் குளிர்ந்த தண்ணீரில், தனி பிரஷ்ஷில், கை கழுவும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பற்பசை வேண்டாம், அதிலுள்ள பொடி பரப்பைக் கீறும், கீறலில் அழுக்கு தங்கும். பகலில் மூடியுள்ள டப்பாவில் கொஞ்சம் தண்ணீரில் வைக்கலாம். பாலாற்றங்கரை ஊர்களில் போர் தண்ணீர் உப்பாக இருப்பதால் சில வாரத்தில் வெள்ளைப் படலம் கட்டும். அதைச் சுரண்டாதீர்கள். ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து கால் மணி ஊற வைத்தால் இளகிவிடும். குடிக்கிற கேன் தண்ணீரிலேயே ஊற வைத்தால் படலம் குறைவாகவே கட்டும். வண்டிப் பெட்டியிலோ காரின் கண்ணாடி முன்னாலோ வைத்துவிட்டுப் போகாதீர்கள், மே மாதத்தில் மெத்தென்ற வகை ஒரு மதியத்திலேயே கோணிவிடும். வெந்நீரும் கூடாது. வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். தகட்டை நாய் கடித்துவிடுவது வேடிக்கையாகத் தோன்றினாலும் அடிக்கடி நடக்கிற விபத்து.

இப்போது செலவில்லாத பங்கு. உண்மையில் இதைத்தான் முதலில் தொடங்க வேண்டும், தகடு போட்டாலும் இது கூடவே ஓட வேண்டும். சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட்டுக்கொண்டிருக்க வேலையே இல்லை. உதடு மூடியிருக்கட்டும், பற்கள் விலகியிருக்கட்டும், நாக்கு நுனி மேல் முன்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் தொட்டிருக்கட்டும். தையல் மிஷினில் குனிந்து கவனமாக ஓட்டும்போது பெரும்பாலோர் தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். மிஷின் தலையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டுங்கள். கண்ணில் படும்போதெல்லாம் ‘பல் தொடுகிறதா?’ என்று பார்த்துத் தளர்த்துங்கள். முதல் வாரம் எத்தனை முறை பிடிபடுகிறீர்கள் என்று பார்த்து நீங்களே ஆச்சரியப்படுவீர்கள். நூலைப் பல்லால் கடித்து அறுப்பது, ஊசியையோ ஆணியையோ பல்லில் பிடிப்பது இரண்டையும் இன்றோடு விடுங்கள். சின்னக் கத்தரி ஒன்று மிஷினிலேயே கட்டித் தொங்கட்டும். சூயிங்கம், கரும்பு, தட்டை, முறுக்கு, பிரியாணியில் எலும்பு கடிப்பது எல்லாம் இரண்டு வாரம் வேண்டாம். பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் ஊற வைத்துச் சாப்பிடுங்கள். நம் பக்கத்துக் கேழ்வரகுக் களி மெல்லவே வேண்டாத சாப்பாடு, இந்த இரண்டு வாரத்துக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது.

மாலையில் வெந்நீரில் நனைத்த துணியைக் கன்னத்திலும் பொட்டிலும் 15 நிமிடம் வையுங்கள். பிறகு மெல்லும் தசையை விரல் நுனியால் மேலிருந்து கீழாக இரண்டு நிமிடம் நீவுங்கள். அதன்பின் பயிற்சி: நாக்கு நுனியை அண்ணத்தில் ஒட்டியபடியே, நாக்கு விலகாத அளவுக்கு மட்டும் வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். ஒரு வேளைக்கு 6 முறை, நாளைக்கு 6 வேளை. கண்ணாடியில் பார்த்துத் தாடை ஒரு பக்கமாக ஓடாமல் நேராக இறங்கும்படி செய்யுங்கள். ‘டொக்’ வரும் அளவுக்குத் திறக்க வேண்டாம். கொட்டாவி வந்தால் முகவாய்க்கு அடியில் கை கொடுங்கள். குப்புறப் படுக்காதீர்கள். வலி அதிகமான நாட்களில் ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராம் சாப்பாட்டுக்குப் பிறகு, நாளைக்கு மூன்றுக்கு மேல் இல்லாமல், ஒரு வாரத்துக்குள் நிறுத்திக்கொள்ளலாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ஆஸ்துமா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, கர்ப்பம் இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

ஆறு வாரம் இப்படி ஒழுங்காகச் செய்து, தேதி போட்டு எழுதி வைத்த வாய் திறப்பு அளவை மறுபடி பாருங்கள். காலை வலி பாதியாகிவிட்டால் தகடே வேண்டாம், இதையே தொடருங்கள். காலை இறுக்கம் அப்படியே இருந்தாலோ, பல் தேய்ந்து தட்டையாகியிருக்கிறது என்று டாக்டர் காட்டினாலோ, வீட்டில் படுப்பவர்கள் ‘ராத்திரி நறநறன்னு சத்தம் வருது’ என்றாலோ அந்த 9,000 ரூபாய்த் தகட்டுக்கு நியாயம் இருக்கிறது. தாடை சிக்கிக்கொள்வது, மூன்று மாதம் தாண்டியும் மூட்டுப் புள்ளியில் கூர்மையான வலி என்றால் எம்.ஆர்.ஐ. பார்த்து முடிவெடுக்கக்கூடிய இடத்துக்குப் போங்கள். வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது, செலவு கவலையென்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டலாம். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு ரயிலில் போய் அன்றே திரும்பிவிடலாம். மூட்டை ஊசியால் கழுவிவிடுவது, தசையில் போடாக்ஸ் போடுவது எல்லாம் அதற்கும் பிந்திய கட்டம், இப்போது அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

முதல் டாக்டரிடம் திரும்பப் போனால் நான்கு கேள்வி கேளுங்கள். தகடு எல்லாப் பல்லையும் மூடுமா? கடி அளவைப் பல் தொடாமல் எடுப்பீர்களா? ஆறு வாரத்துக்குள் மூன்று முறை சரிசெய்வது இந்த 9,000க்குள் அடங்குமா, ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணமா? ஆறு மாதத்துக்குள் உடைந்தால் யார் பொறுப்பு? மூன்றாவது கேள்விக்கு ‘திரும்ப வரத் தேவையே இருக்காது’ என்று பதில் வந்தால் அங்கே அளவு கொடுக்காதீர்கள்.